கைக்கெட்டும் தூரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நியூ ஜெர்சியில் பல வருடங்களாக இருக்கிறேன். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்பவர் அதற்குத் தனிக் காரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஓயவில்லை. பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் நாடு நாசமாகிவிட்டது என்றார்கள். இப்போது அதே குழுவில் சிலர் துப்பாக்கி வாங்கிவிட்டார்கள். எங்கள் பகுதியில் இந்தியர் வீடுகளாகப் பார்த்து நகை திருடுகிறார்கள். மகன் ஹைஸ்கூல் கடைசி வருடம். யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். அவனைத் தனியே விட்டுவிட்டுத்தான் இருவரும் வேலைக்குப் போகிறோம். நானும் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். அந்தத் தீர்ப்பு சரியா? அந்தக் காலத்துச் சட்டங்களை வைத்து இன்றைய சட்டத்தை அளக்கலாமா? இந்தியாவிலும் இந்த உரிமை வேண்டும் என்கிறார்களே, உங்கள் கருத்து என்ன?

ரா., நியூ ஜெர்சி

அன்புள்ள ரா.,

இந்தியாவைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே துப்பாக்கி என்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அரசு தரும் உரிமம். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்புறம் அந்தக் காலத்துச் சட்டங்களை வைத்து அளப்பது. இன்றைய துப்பாக்கிச் சட்டம் பழைய காலத்துச் சட்டங்களின் மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று, புரூயன் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் கொடுத்த அளவுகோலைக் கீழ் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு விதமாகப் பிடித்ததில், 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். தாமஸ் ஒருவர் மட்டும் மறுத்தார். இதற்கு மேல் அதில் எனக்கு ஆர்வமில்லை.

உங்கள் குழுவின் சண்டைக்கு வருகிறேன். அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மே 14 நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், ஒரு பலசரக்குக் கடையில் பத்துக் கறுப்பினத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 24 டெக்சஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும். அதிலிருந்து ஒரு மாதம் முடிவதற்குள், ஜூன் 23 வியாழக்கிழமை, தனிக் காரணம் காட்டச் சொன்ன நியூயார்க் மாநிலச் சட்டத்தை ரத்து செய்து, ஆறுக்கு மூன்று என்று இந்தத் தீர்ப்பு. நியூயார்க் ஆளுநர் ஹோக்குல் கொதித்தார், துப்பாக்கிச் சங்கத்தார் கொண்டாடினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை கருக்கலைப்புத் தீர்ப்பு வந்தது, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடியது. ஒரு தீர்ப்பைப் பற்றி ஒரு தேசம் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நாள்.

அந்த ஒரு நாளிலும் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்? பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள், அவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள், நியூயார்க்கின் பழைய சட்டத்துக்கு எதிராகவே நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தில் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் என்பது அவர்கள் வாதம். உங்கள் குழுவில் கோபப்பட்டவர்களுக்கு இது தெரியாது. கொண்டாடியவர்களுக்கு அந்த இளைஞர்களைப் பற்றி அக்கறை இருந்திருக்காது. அதனால்தான் அந்தச் சண்டையில் உங்களை எந்தப் பக்கமும் சேரச் சொல்ல மாட்டேன்.

நான் அந்தத் தீர்ப்பை இந்த மாதம் மறுபடி எடுத்துப் படித்ததற்குக் காரணம் வேறு. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பிரேயர், 2020இல் துப்பாக்கியால் செத்தவர்கள் 45,222 பேர் என்று தொடங்குகிறார். அதில் பாதிக்கு மேல், 24,292 பேர், தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள். பெரும்பான்மையோடு சேர்ந்து தனியாக எழுதிய அலிட்டோ அதற்குப் பதில் சொல்கிறார்: வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டால், அவர் தன்னைச் சுட்டுக்கொள்ளாமல் இருந்துவிடுவாரா?

தர்க்கமாகப் பார்த்தால் அலிட்டோ சொல்வது சரி. வழக்கு தெருவைப் பற்றியது. சாவு வீட்டுக்குள் நடக்கிறது. சரி, அப்படியானால் வீட்டைப் பற்றி யார் பேசுவது? நீதிபதியே விரல் நீட்டிக் காட்டுகிறார், அங்கே பார் என்று. கொண்டாடியவர்கள் பார்க்கவில்லை, கொதித்தவர்களும் பார்க்கவில்லை. டைம்ஸ் சதுக்கத்தில் துப்பாக்கி கூடாது என்று பலகை வைத்தார்கள். படுக்கையறையில் யார் பலகை வைப்பது?

2008இல் ஹெல்லர் வழக்கில் இதே நீதிமன்றம் வாஷிங்டன் நகரச் சட்டத்தை ஐந்துக்கு நான்கு என்று ரத்து செய்தது. வீட்டிலிருக்கும் துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, அதைப் பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விசைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அப்படி வைத்திருந்தால் திருடன் வரும்போது தற்காப்புக்கு எப்படிப் பயன்படும் என்று கேட்டார் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா. விபத்தைத் தடுக்கும் பாதுகாப்பு விதிகள் எல்லாமே செல்லாது என்று அவர் சொல்லவில்லை, அதையும் குறிப்பிட வேண்டும். ஆனாலும் மக்கள் மனதில் நின்றது ஒன்றுதான்: எடுத்த உடனே சுடக் கூடியதாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திருடனுக்கு எதிராக எது பலமோ, மனமுடைந்து கிடக்கும் ஒருவரிடம் அதுவே எமன். ராத்திரி ரெண்டு மணிக்கு இழுப்பறையைத் திறப்பது வீட்டுக்காரரா, அவர் பிள்ளையா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் கரிசல் காட்டில் பருத்தி போட்ட காலம் அது. மருந்தடிக்கிற டேங்கும் மருந்து டப்பாவும் வீட்டுக்குள்ளேயே பரண்மேல் இருக்கும். டப்பாவில் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்டிருக்கும், படிக்காதவர்களுக்கும் அது புரியும். எங்கள் தெருவில் அந்த டப்பாவால் போன உயிர்கள் உண்டு. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு பேச்சு, ஒரு அடி, ஒரு மார்க் குறைவு, அவ்வளவுதான். மறுநாள் பொழுது விடிந்திருந்தால் மறந்திருக்கக் கூடிய சங்கதிகள். புகுந்த வீட்டில் சண்டை போட்டுவிட்டு என் அக்கா ஒரு மாலையில் வந்து இறங்கினாள். யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை. அப்பத்தா அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. விளக்கு வைத்ததும் பரணிலிருந்து டப்பாவை இறக்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இருட்டில் பெரியப்பாவின் மோட்டார் கொட்டகைக்குப் போய் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அறுவடை வரைக்கும் அந்த டப்பா வீட்டுக்கு வரவில்லை. அக்கா இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

அப்பத்தா செய்ததையே ஒரு நாடு செய்திருக்கிறது. 1990களில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அங்கே ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். வறுமை ஒழியவில்லை, போர் 2009 வரை நிற்கவில்லை, குடும்பச் சண்டையும் குறைந்திருக்காது. ஆனாலும் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. சாக நினைப்பவன் எப்படியும் செத்துவிடுவான் என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது பொய். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு அந்த வழியில் சாவதில்லை. பிழைத்து எழ ஒரு வாய்ப்பு வேண்டும். துப்பாக்கி அதைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

இது துப்பாக்கி பிடிக்காதவர்களின் பேச்சு என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரர், 2009இல் ஒரு வாரத்துக்குள் தன் கடையில் வாங்கிய மூன்று பேர் அதே துப்பாக்கியால் செத்தார்கள் என்று அறிந்து ஆடிப்போனார். பொதுச் சுகாதாரத்துறையினரோடு உட்கார்ந்து பேசினார். மனம் உடைந்து வருபவரை எப்படி அடையாளம் காண்பது, விற்காமல் எப்படித் திருப்பி அனுப்புவது, வீட்டில் ஒருவர் சோர்ந்திருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வெளியே கொடுத்து வைப்பது என்றெல்லாம் எழுதிக் கடைகளில் ஒட்டினார்கள். துப்பாக்கி உரிமையை முழுசாக நம்புகிறவர் அவர். எந்தத் தீர்ப்பும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். கடிதம் முழுக்கத் தீர்ப்பும் வாட்ஸ்அப்பும். நடுவே இரண்டு வரி, மகன் யாரோடும் பேசாமல் அறைக்குள் கிடக்கிறான் என்று. அடுத்த வரியிலேயே துப்பாக்கி வாங்கலாம் என்கிறீர்கள். எப்படி ஐயா உங்களால் இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டுத் தபாலில் சேர்க்க முடிந்தது? உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2017இல் கான்சஸில் ஓர் இந்தியப் பொறியாளரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த இரவில் இங்கே எத்தனை தாய்மார்கள் தூங்காமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நகைத் திருடன் பெரும்பாலும் வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து வருகிறவன். அப்போது உங்கள் இழுப்பறையில் துப்பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான். நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள், வீட்டுக்கு அலாரம் வையுங்கள்.

வாங்காதீர்கள். இந்த வருடம் கண்டிப்பாக வேண்டாம். துப்பாக்கி வாங்கிய நண்பர்களிடமும் கேளுங்கள்: எங்கே வைத்திருக்கிறார்கள், குண்டு வேறிடத்தில் பூட்டியிருக்கிறதா, சாவியோ பூட்டு எண்ணோ பிள்ளைகளுக்குத் தெரியுமா. மகன் ஒரு நண்பன் வீட்டுக்குப் போகிறான் என்றால் அங்கும் கேளுங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அப்புறம் இன்று சாயங்காலம் அவன் கதவைத் தட்டுங்கள். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். சாகணும் போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எந்த நேரமானாலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம், அவனும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். நீங்கள் சண்டை போட்ட அந்தத் தீர்ப்பு வந்த மூன்று வாரத்தில்தான் அந்த எண் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. உங்கள் குழுவில் யாராவது அதைப் பகிர்ந்தார்களா?

தீர்ப்பைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். மகனைப் பற்றி எழுதுங்கள். அவன் பெயரைக்கூட நீங்கள் சொல்லவில்லை.