வசந்தம் இல்லாத ஊரில் சம இரவு நாள்

மதிப்புக்குரிய ஐயா,

நான் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் மகள், பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாளான கடந்த மார்ச் 20ஆம் திகதி அயலவர்களுடன் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் கூடி, தீ மூட்டி, ஆளுக்கொரு விதையைக் கையில் ஏந்தி இளவேனிலை வரவேற்றதாகச் சொன்னாள். இயற்கையோடு மீண்டும் சேர்ந்துகொண்டதுபோல் இருந்ததாம். அடுத்த மார்ச்சில் எங்கள் குடியிருப்பாரைச் சேர்த்து வெள்ளவத்தைக் கடற்கரையில் இப்படியொன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. என் கணவரோ, பனியும் வசந்தமும் இல்லாத ஊருக்கு இது இரவல் சடங்கு என்கிறார். எங்கள் மாடிகளில் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களை எப்படிச் சேர்ப்பது? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் சகோதரிக்கு,

தயங்காமல் செய்யுங்கள். ஆனால் ரொறன்ரோவின் வானத்துக்குரிய சடங்கைக் கொழும்பின் வானத்தின் கீழ் அப்படியே நடத்த வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் பகல் 9 மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். ஜூனில் அது 15 மணித்தியாலத்தைத் தாண்டும். மார்ச் 20ஐ ஒட்டிய நாட்களில் அங்கே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 3 நிமிட வெளிச்சம் கூடுகிறது. மாதக்கணக்கில் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பியவர்களுக்கு அந்த நாள் உடம்பிலேயே தெரியும். உங்கள் மகளின் கையில் இருந்த விதைக்கும் பனி உருகிய மண் அப்போதுதான் கிடைக்கிறது. கொழும்பு, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 7 பாகை அளவில் இருப்பதால், நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. இங்கே நின்று "ஒளி திரும்பி வந்தது" என்று சொன்னால், சொல்பவர்களின் உடம்பே அதை நம்பாது. உண்மையில்லாத ஒரு வாக்கியத்தைக் கூட்டமாகச் சொல்வதால் எவரும் இயற்கைக்கு நெருக்கமாக வந்துவிட மாட்டார்கள்.

அப்படியானால் இங்கே அந்நாளில் என்னதான் நடக்கிறது? சூரியன் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. மார்ச் 20ஆம் திகதி நடுப்பகலில் உங்கள் மொட்டைமாடியில் ஒரு மீற்றர் நீளக் கோலை நிமிர்த்தி வைத்தால், அதன் நிழல் வடக்கு நோக்கி 12 சென்ரிமீற்றர் அளவில் விழும். நாளுக்கு நாள் குறுகி, ஏப்ரல் 7ஐ ஒட்டி, மதியம் 12.12 அளவில் அந்த நிழல் கோலின் அடியிலேயே மறைந்துவிடும். அதன் பிறகு நடுப்பகல் நிழல் தெற்கே விழத் தொடங்கும். ஏப்ரல் 5ஐ ஒட்டித் தெய்வேந்திரமுனைக்கு மேலே உச்சம் கொள்ளும் சூரியன், ஊர் ஊராக வடக்கே ஏறி, 15ஆம் திகதியளவில் பருத்தித்துறையைக் கடக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் இதை அறிவிக்கிறது. நாம் அதை வெயில் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் அதே நாட்களில் சூரியன் இந்தத் தீவின் தலைக்கு மேலாகவே நடந்து போகிறது என்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மெய்சிலிர்க்க வைக்கும் செய்தி.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு, சூரியன் மேடராசிக்குள் புகுவதும் (அதைத்தான் நாம் சித்திரைப் புத்தாண்டாகக் கொள்கிறோம்) பகலும் இரவும் ஒத்துவருவதும் அநேகமாக ஒரே நாளில் நிகழ்ந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் அவை இரண்டும் ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று 24 நாள் இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே சம இரவு நாள் நமக்கு இரவல் அன்று. ஈரானிய மரபினர் நவ்ரூஸ் பண்டிகையில், சூரியன் அந்தச் சம இரவுப் புள்ளியைக் கடக்கும் கணத்தைக் கணித்து, அது நள்ளிரவானாலும் குடும்பமாக விழித்திருந்து வரவேற்கிறார்கள். வாக்கிய பஞ்சாங்கத்தையும் திருக்கணிதத்தையும் விரித்துப் புண்ணிய காலம் பார்க்கும் நமக்கு அந்த அக்கறை புரியாததல்ல.

எனவே மார்ச் 20ஐத் தொடக்கமாகவும் புத்தாண்டை முடிவாகவும் வைத்து, இடைப்பட்ட நாட்களைக் குழந்தைகளிடம் கொடுங்கள். அவர்கள் மொட்டைமாடியில் கோலின் நிழலை அளக்கட்டும். ஒரு ஞாயிறு காலையில் பெத்தகான ஈரநிலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2018ஆம் ஆண்டு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊரில் வாழ்ந்துகொண்டு, அந்த ஈரநிலத்தில் கால் வைக்காமலே வளரும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். ஒக்டோபரளவில் இந்தியாவிலிருந்து வந்து நம் தோட்டங்களில் மேய்ந்த ஆறுமணிக்குருவி, ஏப்ரலோடு வடக்கே இமயமலை அடிவாரம் வரை திரும்பிப் போகும். குளிர்நாடுகளில் இளவேனில் பறவைகளைக் கொண்டுவருகிறது. நம்மிடமிருந்து அது பறவைகளை அழைத்துச் செல்கிறது. நமது சடங்கில் வரவேற்புக்கு இருக்கும் இடம் வழியனுப்புதலுக்கும் இருக்க வேண்டும்.

புத்தாண்டன்று நாம் தலையில் வைத்து நீராடும் மருத்து நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று நீளும் அந்தப் பட்டியல், ஓர் ஊரின் செடிகொடிகளை ஒரே பாத்திரத்தில் கூட்டுகிற அபூர்வமான ஏற்பாடு. கொழும்பில் அது கோயிலில் வரிசையில் நின்று போத்தலில் வாங்கிவரும் பொருளாகிவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறதென்று கேட்டால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். கோயிலில் பெறுவதை நிறுத்த வேண்டாம். அதற்கு முந்திய வாரத்தில், குடியிருப்பார் ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் ஒரு செடியைத் தேடிக் கண்டு, பெயரறிந்து, கொண்டுவரட்டும். சிங்கள அயலவர்களும் புத்தாண்டையொட்டித் தலையில் எண்ணெய் வைக்கும்போது, நாம் மருத்து நீருக்குச் செய்வதுபோலவே தலைக்கு மேலே ஓர் இலையும் காலடியில் ஓர் இலையும் வைக்கிறார்கள். அந்த இலைகளைச் சேர்ந்து தேடப் போவதைவிட நல்ல அழைப்பு எனக்குத் தோன்றவில்லை. விதையை மார்ச் வெயிலில் நிலத்தில் ஊன்றாமல் சாடியில் இட்டுப் பேணுங்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் கன்றை நிலத்துக்கு மாற்றலாம்.

வெள்ளவத்தையில் கடலுக்கும் நமக்கும் நடுவே ரயில் பாதை கிடக்கிறது; பிள்ளைகளோடு கூட்டமாகப் போவதற்குக் காலிமுகத்திடலே ஏற்றது. அன்று சூரியன் நேர் மேற்கில், மாலை 6.20 அளவில் மறையும். உடனே மஃரிப் தொழுகை நேரம் வந்துவிடுவதால் 5 மணிக்கே கூடி, பேச வேண்டியதையெல்லாம் சூரியன் மறையுமுன் முடித்துவிடுங்கள். நோன்பு மாதமாக இருந்தால் அதுவே நோன்பு துறக்கும் வேளை. பேரீச்சம்பழமும் தண்ணீரும் உங்கள் வீட்டிலிருந்து போகட்டும். தேவாரமோ பௌத்தர்களின் பிரித் ஓதலோ அன்று வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரில் மழை எந்த மாதம் வரும், எந்த மரம் எப்போது பூக்கும் என்று தன் மொழியில் சொல்லட்டும்; வன்னியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வந்து ஒரே மாடியில் குடியிருப்பவர்களுக்கு, முதல் ஆண்டுக்கு அது போதும்.

அன்புடன்