வேலையே சரியாக இருக்கிறது, சாமி கும்பிட எங்கே நேரம்?

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு வரை ஓட்டம், இதில் பக்தியை எப்படிக் கடைப்பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொடைக்கானல் மேல்மலைக்காரன். எங்கள் பூம்பாறையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே பூண்டுதான் பிழைப்பு. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த மலைப்பூண்டு. ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில், முருகன்தான். மூலவரைச் சித்தர் போகர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்களின் கலவையில், செய்தார் என்பது நம்பிக்கை, பழனி மூலவரைப் போலவே. ஆனால் விதைப்பு நாட்களில் கோயிலுக்குப் போக யாருக்கு நேரம்?

என் பெரியம்மா படிக்கட்டு வயலில் குத்தவைத்து உட்கார்ந்து, பூண்டுப் பல்லை வேர்ப்பக்கம் கீழே வரும்படி ஒவ்வொன்றாக ஊன்றுவார். ஒரு பல்லுக்கு ஒரு 'முருகா'. வரப்பில் போகிறவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒரு பாத்தி முடியும்போது எத்தனை நாமம் ஆகியிருக்கும் என்று அவர் எண்ணியதில்லை. தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கிடைத்தால் நல்லதுதான். கிடைக்காதவர்கள் கையில் இருக்கும் வேலையோடு நாமத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நடக்கும். (கணக்கு எழுதும்போது மட்டும் வேண்டாம், தப்பாகிவிடும்.)

அப்புறம், கோபம் வந்தால் பக்தி போய்விட்டது என்று பயப்படாதீர்கள். பூண்டு விலை படுத்த ஒரு வருடம் பெரியம்மா இரண்டு மாதம் முருகனிடம் பேசவில்லை. விளக்கு மட்டும் தினமும் ஏற்றினார். "பேச்சுதான் இல்லை, சோறு போடாமலா இருப்பேன்?" என்றார்.