அக்கா எழுதிய கதைக்குத் தம்பி கையெழுத்துப் போடலாமா?

தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 43 வயது, வீட்டிலேயே தையல் வேலை. ராத்திரி மெஷினை மூடி வைத்த பிறகு ஃபோனில் கதை எழுதுவார், புனைபெயரில், ஆறு வருடமாக. எல்லாமே ஃபேன் ஃபிக்‌ஷன், அதாவது வேறொருவர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை. ஒன்று, பொன்னியின் செல்வனில் வரும் கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலி, நாவல் முடிந்த பிறகு எப்படி வாழ்ந்தாள் என்கிற நீளமான கதை. இன்னொன்று, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிவி சீரியலின் ஜோடியை வைத்து 300 அத்தியாயத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது. தம்பி அக்காவிடம் சொல்லாமலே இரண்டையும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் ஒப்பந்தமும் அனுப்பிவிட்டார்கள், 15,000 ரூபாய் முன்பணம் என்று. அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார், "கேஸ் வரும்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை, தம்பியோடு பேச்சையே குறைத்துவிட்டார். கேஸ் வருமா, பெயர்களை மாற்றிவிட்டால் போதுமா, அக்காவுக்குப் பதில் நானே கையெழுத்துப் போடலாமா, இவ்வளவு திறமை இருக்கிறவர் ஏன் ஒதுங்கி நிற்கிறார் என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, ஒரு வக்கீலாக மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் நீங்கள் சிக்கலில் மாட்டப் போகிறீர்கள். நீங்கள் போடக்கூடாது. அக்கா உங்களுக்கு பவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 336-ஆம் பிரிவில் சொல்லப்படும் போலி ஆவணக் குற்றத்தில் போய் நிற்கும், உங்கள் பெயரிலேயே போட்டுக்கொடுத்தால் உங்களுக்கு உரிமை இல்லாத ஒன்றை விற்றதாகும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதை அக்கா வேண்டுமானால் ஏற்றுக்கொள்ளலாம், ஒப்பந்தச் சட்டம் ஏற்காது. 1957-ஆம் வருட காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு எழுத்தைப் பிரதி எடுப்பதும் அதன் பிரதிகளை மக்களிடம் விடுவதும் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள உரிமை என்று சொல்கிறது. வெளியிடும் உரிமை ஒருவரிடம் இருக்கிறது என்றால் வெளியிடாமல் வைத்திருக்கும் உரிமையும் அவரிடம்தான் இருக்கிறது. டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, பட்டா அக்கா பேரில் இருக்கும்போது தம்பி போய் கிரயம் எழுத முடியுமா?

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் நான்கு வரி எழுதுங்கள்: இந்தக் கதைகளை எழுதியவர் நான் இல்லை, எழுதியவரின் சம்மதம் இல்லாமல் அனுப்பினேன், எந்த உரிமையும் உங்களுக்குத் தரப்படவில்லை, கோப்பை அழித்துவிட்டுப் பதில் போடுங்கள். முன்பணம் உங்கள் கணக்குக்கு வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். ஃபோனில் சொல்லிவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள், எழுத்தில் இருக்க வேண்டும்.

சரி, கேஸ் வருமா என்ற கேள்விக்கு வருவோம். அக்காவின் இரண்டு கதைகளும் சட்டத்தின் கண்ணில் ஒன்று கிடையாது, இதை அவரே தெரிந்துகொள்ளவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பூங்குழலி கதை. கல்கி காலமானது 1954 டிசம்பரில். நம் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்த எழுத்துக்கு, அவர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் காப்புரிமை. கணக்குப் போட்டால் 2014 முடிவோடு தீர்ந்தது. அதற்கு முன்னாலேயே, 1999-ல், தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பல பதிப்பகங்கள் அந்த நாவலை அச்சடித்து விற்பது இதனால்தான். ஊர்ப் பொதுக்குளம் போல, யாரும் படித்துறையில் இறங்கலாம். அக்கா அந்த ஓடக்காரப் பெண்ணை வைத்து எழுதலாம், விற்கலாம், அவர் புதிதாக எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காப்புரிமை அவருக்கே. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நாவல் பொது, ஆனால் 2022-லும் 2023-லும் வந்த திரைப்படங்களின் வசனம், பாட்டு, ஸ்டில் எதுவும் பொது கிடையாது. பத்திரிகையில் தொடராக வந்தபோது போட்ட ஓவியங்களையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அட்டையில் அவற்றைத் தொடாமல் இருந்தால் இந்தக் கதையில் அக்கா பயப்பட ஒன்றுமில்லை.

சீரியல் கதை அப்படி இல்லை. அது இன்னொருவர் பட்டா நிலம், பயிர் நிற்கிற நிலம். அதில் அக்கா வரப்பு ஓரமாக உளுந்து விதைத்திருக்கிறார், நிலத்துக்காரர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அதனால் அவருக்கு நஷ்டம் இல்லை, சொல்லப்போனால் சீரியல் பார்ப்பவர்கள் கூடத்தான் செய்கிறார்கள். உளுந்தை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகும்போதுதான் கேள்வி வரும். இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் உழுதவருக்குச் சட்டம் கைகொடுத்திருக்கிறது, 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கதை உலகத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. எத்தனை வருடம் அந்தப் பாத்திரங்களோடு வாழ்ந்து எழுதினாலும் அனுபோக பாத்தியதை எதுவும் வராது.

"காசு வாங்காமல் எழுதினால் தப்பில்லை" என்று ரசிகர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் 2007-ல் ரசிகர்களே தொடங்கிய ஒரு லாபநோக்கற்ற அமைப்பு, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைக் களஞ்சியத்தை நடத்துகிறது, 2019-ல் அதற்கு ஹியூகோ என்ற அறிவியல் புனைவு விருதும் கிடைத்தது. ரசிகர் கதை மீறல் இல்லை என்று அவர்கள் வைக்கும் வாதம் அந்த நாட்டின் நியாயப் பயன்பாட்டுக் கோட்பாட்டை நம்பி இருக்கிறது. நம் 52-ஆம் பிரிவு அதைவிட ஒடுக்கமானது: சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறது, ரசிகர் எழுத்து அந்த வரிசையில் இல்லை. காசு வாங்கவில்லை என்பது தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். 63-ஆம் பிரிவில் தெரிந்தே மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது, வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதி அதற்குக் கீழே குறைக்கலாம். ராத்திரி ஃபோனில் சீரியல் கதை எழுதுகிறவர்மீது இந்தப் பிரிவில் வழக்குப் போட்டதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. விலை போட்டுப் புத்தகமாக வந்தால் நிலைமை மாறிவிடும்.

இதற்கு நேர் எதிராக ஒரு நல்ல தீர்ப்பும் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் பிரபலமான ஒரு அரசியல் நாடகத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்து, அதைக் கேள்வி கேட்கும் எதிர்நாடகம் ஒன்றை சிவிக் சந்திரன் எழுதினார். 1996-ல் கேரள உயர்நீதிமன்றம் அது விமர்சனம், நியாயமான பயன்பாடு என்று சொன்னது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூல நாடகத்தின் வியாபாரத்தோடு போட்டி போடுகிறதா என்று மூன்றையும் பார்த்தார்கள். அக்காவின் சீரியல் கதை எதையும் விமர்சிக்கவில்லை, அந்த ஜோடியை நேசித்து எழுதியது. நேசம் 52-ஆம் பிரிவில் இல்லை.

பெயரை மாற்றினால் போதுமா? ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் அளவுகோல்: கருத்துக்கும் கதைக்கருவுக்கும் காப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, இரண்டையும் படித்தவருக்கு இது அதன் நகல் என்று ஐயமில்லாமல் தோன்றினால் மீறல். வேண்டாவெறுப்பாகக் கல்யாணம் பண்ணிக்கொண்ட இருவர் மெல்ல மெல்ல நெருங்குவது யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் அந்த சீரியலின் வீடு, மாமியார், விபத்து, அந்தக் குறிப்பிட்ட வசனம் எல்லாம் அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறினால் தாங்காது. வெளிநாட்டில் ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் கதையின் ஃபேன் ஃபிக்‌ஷனாகத் தொடங்கியது, பெயரும் உலகமும் மாறி 2011-ல் ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே என்று புத்தகமாக வந்து பெரும் பணம் பார்த்தது. அங்கே காட்டேரியே இல்லாமல் போனது, அதனால் நடந்தது. அக்கா 300 அத்தியாயத்தை அந்த அளவுக்குப் பிரித்துத் தைக்க வேண்டும். தையல்காரர் அவர், தைத்ததைப் பிரிப்பது புதிதாகத் தைப்பதைவிட எவ்வளவு அலுப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன். ஏழாவது பத்தியில், இந்த எழுத்து யாருடைய உரிமையையும் மீறவில்லை என்று எழுத்தாளர் உறுதி சொல்கிறார், வழக்கு வந்தால் பதிப்பகத்தின் செலவு முழுவதையும் எழுத்தாளரே ஏற்பார் என்று இருக்கிறது. சீரியல் கதைக்கு இதில் கையெழுத்துப் போடுவது பொய் உறுதி கொடுப்பது. 15,000 வாங்கிக்கொண்டு எல்லையில்லாத ஒரு பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வது. இன்னொரு இடத்தில் "எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்", கூடவே "19(4) பொருந்தாது". 19-ஆம் பிரிவு எழுத்தாளரைக் காப்பதற்காக வந்தது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான், வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகத் திரும்பிவிடும். இந்தக் கடைசி விதிதான் 19(4). அந்த ஒரு வரியால் கடைசிப் பாதுகாப்பைக் கழற்றிவிட்டார்கள். இதே வரியில் கையெழுத்துப் போட்ட ஒரு பெண் என்னிடம் வந்திருக்கிறார், அவர் நாவலை வாங்கியவர்கள் அச்சடிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை, தன் கதையைத் தன் பேத்திக்கு ஒரு புத்தகமாகப் போட்டுக் கொடுக்க அவரால் முடியவில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

இப்போது கடைசிக் கேள்வி. இதற்கு வக்கீல் பதில் சொல்லலாமா என்று நீங்கள் நினைக்கலாம், சொல்கிறேன், ஏனென்றால் "கேஸ் வரும்" என்று வாயால் சொல்கிறவர்களின் மனதில் வேறு நாலு காரணம் இருப்பதை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன்.

அக்கா ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு அத்தியாயம் போடுகிறார். காலையில் டீ போடும் முன் நாற்பது பேர் படித்துவிட்டு "சிஸ் அடுத்த யூடி (அப்டேட்) எப்போ" என்று கேட்கிறார்கள், ஒருத்தி அழுதேன் என்கிறாள், ஒருத்தி அந்த மாமியார் அப்படிப் பேசியிருக்க மாட்டாள் என்று சண்டை போடுகிறாள். எல்லோருக்கும் அந்தப் பாத்திரங்களை ஏற்கெனவே தெரியும், அதனால் அறிமுகம் இல்லாமல் நேராக நெஞ்சுக்குள் போய் எழுத முடிகிறது. புத்தகம் என்றால் அவரே ஒரு உலகத்தை அடியிலிருந்து கட்ட வேண்டும், திருத்தம், காத்திருப்பு, விற்பனை, வெளியீட்டு மேடை, சொந்தக்காரர்கள் முன்னால் சொந்தப் பெயர். காதல் காட்சி எழுதுகிற கிராமத்துப் பெண்ணுக்குப் புனைபெயர் ஒரு கதவு, தம்பி. அதைத் தாழ் போட்டுக்கொண்டுதான் அவர் உள்ளே சுதந்திரமாக இருக்கிறார். நீங்கள் அந்தக் கதவைத் திறந்து பதிப்பகத்துக்காரரை அழைத்து வந்துவிட்டீர்கள், அவர் கோபம் அதற்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தாலுகாவிலேயே மெலட்டூர் இருக்கிறது. நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் ஆடுகிறவர்கள் வெளியூர்களில் வேறு வேலை பார்ப்பவர்கள், வருடத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு வந்து ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் போகிறார்கள். இவ்வளவு நன்றாக ஆடுகிறீர்களே, தொழிலாக ஏன் செய்யவில்லை என்று அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. எழுத்து என்றால் மட்டும் புத்தகமாகாதது வீண் என்று நமக்கு எப்படியோ பதிந்துவிட்டது.

அதற்காக அக்காவுக்கு ஆசையே இல்லை என்று நான் முடிவு கட்டவில்லை. கேஸ் பயம் மட்டும்தான் தடுக்கிறது என்றால் பூங்குழலி கதைக்கு அது தேவையற்ற பயம், அதை அவரிடம் சொல்ல வேண்டும். புனைபெயரிலேயே புத்தகம் போடலாம், 23-ஆம் பிரிவு புனைபெயர் நூல்களுக்கும் 60 வருடக் காப்பு தருகிறது. விரும்பினால் காப்புரிமைப் பதிவும் செய்யலாம், கட்டாயம் இல்லை, இலக்கிய நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். பதிவு செய்யாவிட்டாலும் அவர் கணக்கில் தேதியோடு இருக்கும் அத்தியாயங்களை ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், யாராவது பிடிஎஃப் ஆக்கி விற்றால் அதுதான் சாட்சி.

ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் பதிப்பகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டி மன்னிப்புக் கேளுங்கள். பிறகு பூங்குழலி பற்றி நான் எழுதிய பத்தியை மட்டும் படித்துக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், பதில் கேட்டு உட்காராதீர்கள். பதிப்பகம் பதினைந்து நாளில் பதில் போடவில்லை என்றால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், அக்கா சம்மதித்தால் அவர் பெயரில் ஒரு நோட்டீஸ் அனுப்புவோம். அந்த நோட்டீஸில் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும்.