வாசகர் கேள்வி – பதில்: கைமாறி வந்த டிரையத்லன் சைக்கிளை உடம்புக்குப் பொருத்துவது எப்படி?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன்பு கொழும்பில் ஒருவரிடம் பாவித்த டிரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிள் ஒன்றை வாங்கினேன். காபன் சட்டகத்தில் 54 என்ற அளவு எழுதப்பட்டிருக்கிறது. என் உயரம் 168 சென்ரிமீற்றர். இருபது கிலோமீற்றர் ஓடுவதற்குள் கழுத்தும் தோளும் நோகின்றன, அமரும் இடம் விறைத்துப்போகிறது. சைக்கிள் திருத்துபவர் ஒருவர் சீற்றைப் பதித்துத் தந்தார். அதன் பின் முழங்காலின் முன்பக்கமும் நோகத் தொடங்கிவிட்டது. ஒலிம்பிக் தூரப் போட்டிக்கு ஆயத்தமாகிறேன். எதிலிருந்து தொடங்குவது?
– கல்லடி வாசகர்

பதில்: சீற்றிலிருந்து தொடங்குங்கள். கழுத்து நோவதால் ஹான்டிலில்தான் பிழை என்று தோன்றும். ஆனால் சீற் சரியான இடத்துக்கு வராமல் ஹான்டிலை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வேலை முடியாது.

முதலில் இந்த வண்டியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணப் பந்தயச் சைக்கிளில் சீற்றைத் தாங்கும் குழாய் ஏறக்குறைய 73 பாகைச் சரிவில் நிற்கும். டிரையத்லன் சைக்கிளில் அது 76 முதல் 80 பாகை வரை நிமிர்ந்திருப்பதால், ஓட்டுபவர் பெடல்களுக்கு நேர் மேலாக, முன்தள்ளி அமர்கிறார். முழங்கைகளை ஊன்றி உடம்பைத் தாழ்த்தும்போது தொடை வயிற்றோடு நெருக்குப்படாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. 40 கிலோமீற்றர் மிதித்து இறங்கியவுடன் 10 கிலோமீற்றர் ஓட வேண்டிய கால்களுக்கு அது மிகவும் தேவை. உங்கள் சீற் பதிக்கப்பட்டபோது இந்த இடைவெளி குறைந்திருக்கிறது. ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடிகிறது. முன்பக்க நோவுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

எதையும் அசைப்பதற்கு முன்பு, சீற் தண்டு சட்டகத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, இப்போதுள்ள அளவுகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கிராங்கின் (பெடல் பூட்டிய தண்டின்) அச்சு மையத்திலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரையான நீளம், சீற்றின் மூக்கிலிருந்து முழங்கை மெத்தையின் பின்விளிம்பு வரையான தூரம், சீற்றின் மூக்கிலிருந்து மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது கிராங்க் மையத்துக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே விழுகிறது என்பது ஆகிய மூன்றும் போதும். மாற்றம் சரிவராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப இந்தக் கொப்பி இல்லாமல் முடியாது.

அடுத்து, வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே இறுக்கமாக மேலே நிறுத்தி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளவெடுங்கள். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து சீற் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும்; 78 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 69. இது தொடக்கப் புள்ளிதான். சப்பாத்தின் அடித்தடிப்பும் கிராங்கின் நீளமும் இதைச் சில மில்லிமீற்றர் மாற்றும். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருக்க வேண்டும். பின்னால் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீற் கூடுதலாக உயர்ந்துவிட்டது என்று பொருள். முழங்காலின் பின்பக்கம் நொந்தாலும் அதுவே.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இதில் உண்டு. சீற்றை முன்னே தள்ளும்போது அது பெடலுக்கும் நெருங்கிவிடுகிறது. ஒரு சென்ரிமீற்றர் முன்னே தள்ளினால் 2 அல்லது 3 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் விட்டவர்கள்தான், 'முன்னே அமர்ந்தால் முழங்கால் நோகிறது' என்று முறையிடுகிறார்கள்.

இப்போது கைகளுக்கு வருவோம். மேல்கை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்க, முழங்கை 90 பாகையைச் சற்றுத் தாண்டி விரிந்திருக்க, உடலின் பாரம் எலும்பின் மீது இறங்க வேண்டும். எட்டிப் பிடிக்க நேர்ந்தால் தோள் தசைகள் அந்தப் பாரத்தைச் சுமக்கும். இருபதாவது கிலோமீற்றரில் நீங்கள் உணர்வது அதைத்தான். உங்கள் உயரத்துக்கு 54 சற்றுப் பெரிய சட்டகமாக இருக்கக்கூடும் என்பதால், முழங்கை மெத்தைகளைப் பின்னால் உள்ள துளைகளுக்கு நகர்த்தி, முன்னே நீளும் கம்பிகளையும் உள்ளிழுத்து, மெத்தைக்கு அடியில் ஸ்பேசர் (இடையில் வைக்கும் துண்டு) வைத்து 2 சென்ரிமீற்றர் வரை படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். ஸ்பேசர் கூடும்போது போல்ற்றும் நீளமாக வேண்டும். பழைய குட்டைப் போல்ற் இரண்டு மூன்று புரியில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டத்தின் நடுவில் மெத்தை கழன்றுவிடும். தாழ்வாக இருந்தால் வேகம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் பத்துக் கிலோமீற்றரில் எழுந்து அமரும் தாழ்ந்த நிலையைவிட, 40 கிலோமீற்றரும் அசையாமல் தாங்கக்கூடிய சற்று உயர்ந்த நிலையே வேகமானது. மெத்தைகளைக் கடைசித் துளை வரை பின்னே கொண்டு வந்தும் எட்ட வேண்டியிருந்தால், அந்தச் சட்டகம் உங்களுடையதல்ல. விற்றுவிட்டுச் சிறியதைத் தேடுங்கள்.

விறைப்பைப் பழகிப்போகும் என்று விட்டுவிடாதீர்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சீற்றின் மூக்கை ஓரிரு பாகை கீழே சாயுங்கள். அதுவும் போதாவிட்டால், நடுவே பிளவுபட்ட மூக்குள்ள சீற் வாங்குவதற்கே முதற்செலவு. இறங்கிய பின்னும் விறைப்பு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் 5 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் செய்து, இரண்டு மூன்று ஓட்டங்கள் பொறுங்கள். பின்சக்கரத்தை நிலைத்தாங்கியில் பூட்டி, கால் மணி நேரம் மிதித்து உடம்பு தளர்ந்த பிறகு, இடுப்பு உயரத்தில் வைத்த கைபேசியால் பக்கவாட்டில் படம்பிடித்துப் பார்த்தால், கண்ணாடி காட்டாதவற்றையும் காண்பீர்கள்.

கல்லடியில் கடலும் வாவியும் அருகருகே இருப்பதால் காற்றிலும் உப்பு உண்டு; ஆகவே இதையும் சொல்ல வேண்டும். முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுபவரின் வியர்வை நேராக ஹான்டில் மீதும் அதன் போல்ற்றுகள் மீதும் சொட்டுகிறது. பாவித்த வண்டியின் முழங்கை மெத்தையைக் கழற்றினால், அடியில் வெள்ளை உப்புப் பொருக்கும், துருவேறி எலன் கீ பிடிக்காத போல்ற் தலையும் இருப்பது வழக்கம். ஹான்டில் ரேப்பை ஒருமுறை முழுதாக உரித்து, அலுமினியம் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். காபன் சீற் தண்டுக்குக் கிறீஸ் பூசக்கூடாது. காபனுக்கென உள்ள மணற்பசையைப் பூசி, வண்டியில் குறிக்கப்பட்ட முறுக்கு அளவுக்கே, பெரும்பாலும் 5 நியூற்றன் மீற்றர் அளவில், இறுக்க வேண்டும். தண்டு உள்ளே இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவைக் காட்டும் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது.

கேள்வி: என்னிடம் சாதாரணப் பந்தயச் சைக்கிள் இருக்கிறது. அதில் முழங்கை ஊன்றிப் பிடிக்கும் ஏரோபார் பூட்டினால் போதாதா?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: முதல் இரண்டு மூன்று போட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். ஏரோபாரை மட்டும் பூட்டிச் சீற்றை இருந்த இடத்திலேயே விட்டால் தொடை வயிற்றில் இடிக்கும். சீற்றை முன்னே தள்ளி, மேலே சொன்ன கணக்கில் சற்று உயர்த்துங்கள். ஹான்டில் காபன் என்றால், ஏரோபார் பூட்டலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: கச்சான் காலத்தில் முன்சக்கரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. வண்டியின் பொருத்தத்தில் பிழையா?
– திருக்கோவில் வாசகர்

பதில்: பெரும்பாலும் பிழை பொருத்தத்தில் இல்லை. கச்சான் மேற்கிலிருந்து வீசுவது, நம் ஏ-4 வீதியோ கடற்கரையை ஒட்டித் தெற்கு வடக்காகச் செல்வது. ஆகவே போகும்போதும் வரும்போதும் காற்று விலாவில்தான் அடிக்கும். ஆழமான விளிம்புள்ள முன்சக்கரம் அதைப் பாய் போல வாங்கிக்கொள்ளும். அந்த மாதங்களில் முன்னே மட்டும் ஆழம் குறைந்த சக்கரம் பூட்டி, முழங்கை மெத்தைகளை ஒரு சென்ரிமீற்றர் அகட்டி வையுங்கள். மதில்கள் முடிந்து வயல்வெளி திறக்கும் இடங்களில் காற்று திடீரென மோதும் என்பதால், அதற்கு முன்பே கைகளைக் கீழ் ஹான்டிலுக்கு மாற்றுங்கள். ஏரோபாரின் நுனியில் பிறேக் இல்லை. கல்முனை, காத்தான்குடி போன்ற நெரிசலான ஊர்களுக்குள்ளும் மாடுகள் படுத்திருக்கும் அதிகாலை வீதியிலும் விரல்கள் பிறேக்கின் மீதே இருக்க வேண்டும்.