தாத்தாவின் கேப் ரிவால்வரைப் பழுது பார்க்கலாமா?

கேள்வி: மறைந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று கிடைத்தது. சிலிண்டரின் முன்பக்கம் கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டு, பின்னால் கேப் (அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாட்டிச் சுடும் வகை. சிலிண்டர் துருவேறி இறுகிவிட்டது, சுத்தியல் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, கேப் மாட்டும் குமிழான நிப்பிள் ஒன்றைக் காணோம். லேத் பட்டறை நண்பர், "துருவை எடுத்து ஸ்பிரிங் போட்டால் வேலை செய்யும், நானே செய்து தருகிறேன்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், 1898 வரை செய்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பட்டறைக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.

அண்ணன் சொல்வது அமெரிக்க மத்தியச் சட்டம். இந்தியாவில் அப்படி ஓர் ஆண்டுக் கணக்கு கிடையாது. நம் ஆயுதச் சட்டம், 1959-இல் பிரிவு 45(சி) பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது என்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைச் சுடப் பயன்படுத்த முடியாது என்றிருந்தால்தான் அந்த விலக்கு. பலர் 'பழங்காலம்' என்பதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பிரிங் போட்டால் வேலை செய்யும் என்று உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வார்த்தையே உங்களுக்கு எதிராக நிற்கும். நிப்பிள் இல்லை என்பதும் பெரிய வாதமாகாது. அது மரையில் திருகி மாட்டுவது, புதிது போட்டுவிடலாம். குழல் வெடித்திருக்கிறதா, சிலிண்டர் அறைகள் அரித்துப்போய்விட்டனவா என்றுதான் நிபுணர் பார்ப்பார்.

தண்டனையும் சின்னதல்ல. உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது பிரிவு 5-க்கு விரோதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. ஆசையாக உதவ வந்த நண்பர்தான் முதலில் மாட்டுவார். உரிமமின்றி வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டு வரை.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இந்த வகையில் மருந்தும் குண்டும் சிலிண்டருக்குள்ளேயே பல ஆண்டுகள் தங்கியிருக்கலாம். சூடு காட்டுவது, தட்டுவது எதுவும் கூடாது. துருவையும் தொடாதீர்கள், இன்றைய நிலைதான் உங்கள் சாட்சி. இருக்கும்படியே புகைப்படம் எடுத்து வையுங்கள்.

தாத்தாவின் காகிதங்களில் பழைய லைசென்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாமதிக்காமல், பெட்டியில் கிடைத்த விவரத்தை எழுதி ஒரு வழக்கறிஞர் மூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ் இருந்திருந்தால், வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி உண்டு. அது கிடைத்த பிறகு, பழுது பார்க்க உரிமம் பெற்றவரிடம் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளுங்கள்.