மயக்கத்தில் இருக்கும் ஐ.சி.யூ. நோயாளியை மருந்து ஆய்வில் சேர்க்க யார் ஒப்புதல் தர வேண்டும்?

சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி. பெரும்பாலும் நெருங்கிய உறவினர். வராந்தாவில் கையில் கிடைத்தவர் அல்ல.

இந்தியாவில் புதிய மருந்து ஆய்வுகளுக்கு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் பொருந்தும். முதலில், ஆய்வில் சேருவோரின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி: குறைந்தது 7 உறுப்பினர்கள், முடிவெடுக்கும் கூட்டத்தில் 5 பேராவது இருக்க வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவும் முடிந்திருக்க வேண்டும்.

உறவினருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஒப்புதல் பேச்சு முழுவதும் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆனால் சிக்கல் பெரும்பாலும் நேரத்தில்தான். நள்ளிரவு அட்மிஷனில் நீட்டப்படும் பத்துப் படிவங்களோடு ஆய்வு ஒப்புதல் படிவத்தையும் சேர்த்தால், சிகிச்சைக்கான கையெழுத்து என்றே நினைத்துப் போடுவார்கள். தனியாக உட்காரவைத்து, "மறுத்தாலும் வைத்தியம் குறையாது" என்று முதலிலேயே சொல்லுங்கள். கையெழுத்தின் தேதியோடு மணியையும் எழுதுங்கள். முதல் டோஸுக்குப் பிந்திய மணி இருந்தால் அது விதிமீறல்.

நோயாளி தெளிந்ததும் அவரிடமே மறு ஒப்புதல் பெற வேண்டும். வார்டுக்கு மாற்றியதும் மறந்துபோவது இதுதான். ஐ.சி.யூ. குழப்பநிலை வந்து வந்து போகும் என்பதால் ஒருமுறை தலையசைத்தது போதாது. மறுநாளும் கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால் ஆய்வு மருந்தை அப்போதே நிறுத்த வேண்டும். அதுவரை சேர்ந்த தரவை என்ன செய்வது என்பதை நெறிமுறைக் குழுவுக்குத் தரும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.