ஆக்சலாட்டல் முட்டை போட்டிருக்கிறது, குஞ்சுகளை வீட்டில் வளர்ப்பது எப்படி?

உங்கள் ஆக்சலாட்டல் (பல்லி போன்ற உடலோடு, கடைசிவரை செவுளோடு தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர்) ஒரே இரவில் 300 முட்டை போட்டிருக்கிறது, அத்தனையையும் வளர்த்துவிட ஆசை, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் லண்டனில் இருக்கிறேன், இரண்டு முறை குஞ்சு வளர்த்திருக்கிறேன். முதல் முறை எல்லா முட்டைகளையும் வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய 200 பொரிந்தன, ஒரு மாதத்தில் மிஞ்சியவை 11. இரண்டாம் முறை 25 முட்டைதான் வைத்தேன், 21 பிழைத்து வளர்ந்தன. அதனால் எப்படி வளர்ப்பது என்பதற்கு முன்னால் எத்தனை வளர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். இருபது, முப்பது போதும். பெற்றோர் இரண்டும் ஒரே தாயின் குஞ்சுகள் என்றால் ஒன்றைக்கூடப் பொரிக்க விட வேண்டாம்.

மீதி முட்டைகளை முதல் ஓரிரண்டு நாளிலேயே, உள்ளே வெறும் கரும்புள்ளி மட்டும் தெரியும்போதே, ஃப்ரீசரில் உறையவிட்டு அழித்துவிடுங்கள். மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. அழிந்துவரும் உயிரினமாயிற்றே என்று தோன்றும். உண்மைதான், இவற்றின் சொந்த ஊரான மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிட்டார்கள், 2014-ல் அது 36 ஆகிவிட்டது. ஆனால் நம் வீட்டுத் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1864-ல் பாரிஸுக்குக் கொண்டுபோன 34 ஆக்சலாட்டல்களில் சிலவற்றின் வழி வந்தவை. நடுவில் ஆய்வகத்தில் வேறொரு சாலமாண்டர் இனத்தோடும் கலந்திருக்கின்றன. இவற்றைச் சோச்சிமில்கோவில் கொண்டுபோய் விடவும் முடியாது, விடவும் கூடாது. உங்கள் ஊர்க் குளத்தில் விடுவது அதைவிடத் தப்பு.

சரி, வைத்துக்கொள்ளும் முட்டைகளுக்கு வருவோம். இலையில் ஒட்டியிருந்தால் இலையோடு வெட்டி வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். தொட்டியிலேயே விட்டால் பெரியவை குஞ்சுகளைத் தின்றுவிடும். குளோரின் நீக்கிய தண்ணீர், 18 முதல் 20 டிகிரி, நேரடி வெயில் படாத இடம், இவ்வளவுதான் தேவை. வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும் முட்டைகளை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பொரியும்.

பொரிந்ததும் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கால் இருக்காது, இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள் மட்டும். முதல் இரண்டு நாள் வயிற்றில் இருக்கும் கருவுணவை வைத்தே அசையாமல் கிடக்கும், பயப்பட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. இந்த வயதில் அசையும் இரையை மட்டுமே அது உணவு என்று நினைக்கும். நான் முதல் முறை மீன் குஞ்சுகளுக்குப் போடும் பொடியைப் போட்டேன். ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பொடி அழுகித் தண்ணீர் கெட்டதுதான் மிச்சம். 200-இல் பாதிக்கு மேல் அந்த வாரத்திலேயே போயின. இவற்றுக்குத் தேவை அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது உப்பு நீரில் வாழும் பொடி இறால். அதன் முட்டை டப்பாவில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, ஏர் பம்ப் குழாய் பாட்டிலின் அடி வரை, பக்கத்தில் ஒரு விளக்கு. 26 முதல் 28 டிகிரி சூட்டில் ஒரு நாளில் பொரிந்துவிடும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், இறால்கள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் திரளும். அதைக் குழாய் வைத்து உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, டிராப்பரால் கொடுங்கள். காலையும் மாலையும் தவறாமல் வேண்டும், அதனால் இரண்டு பாட்டில் வைத்து ஒன்று மாற்றி ஒன்று போடுங்கள். குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் சாப்பிட்டதன் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். என் மகள் தினமும் டப்பாவுக்கு மேல் குனிந்து ஆரஞ்சு வயிறுகளை எண்ணுவாள். எது சாப்பிடவில்லை என்று என்னைவிட அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள்.

நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், செத்ததிலிருந்து அம்மோனியா வரும். அதற்காகக் குஞ்சுகளுக்கு ஃபில்டர் வைத்த பெரிய தொட்டி வேண்டாம், ஃபில்டர் குஞ்சுகளையே இழுத்துவிடும். அகலமான டப்பாக்களில் வைத்துத் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுவதுதான் சரி. புதுத் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும், நான் முந்தின இரவே குளோரின் நீக்கி அதே அறையில் வைத்துவிடுவேன். அடியில் மணலோ கூழாங்கல்லோ போடாதீர்கள். விழுங்கிவிடும்.

முதலில் முன்னங்கால்கள் வரும், சில வாரம் கழித்துப் பின்னங்கால்கள். இந்த இடைவெளியில் ஒன்றையொன்று கடிக்கும். பக்கத்தில் அசைவதெல்லாம் இரைதான். ஒரு நாள் காலையில் கால் இல்லாமலும் செவுள் இல்லாமலும் கிடந்த குஞ்சுகளைப் பார்த்து நான் உடைந்துபோனேன். ஆக்சலாட்டலுக்கு இழந்த கால் மறுபடி முளைக்கும், ஓரிரு மாதத்தில் விரல்களோடு முழுசாக வரும். ஆனால் கழுத்தைக் கடித்தால் முளைக்க ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை டப்பாவுக்கு மூன்று வீதம் அளவு பார்த்துப் பிரித்தேன், கடிபட்டதைத் தனியே வைத்தேன், ஒன்றுகூடக் கடிபட்டுச் சாகவில்லை. 25 முட்டைக்கே எட்டு டப்பா ஆயிற்று. 300-க்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் பொடியாக நறுக்கிய மண்புழு, மூழ்கும் பெல்லெட் எல்லாம் தின்னும். அப்புறம் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

வெயில் விஷயம் மட்டும் கவனம். 24 டிகிரிக்கு மேல் போனால் இவை வாடிவிடும். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது, ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டுத்தான் என் பெரியவற்றைக் காப்பாற்றினேன். சென்னை மாதிரி ஊரில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவும் செய்ய வேண்டும்.

இன்னொன்று, முட்டை போட்ட தாயை ஆணிடமிருந்து இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பழையபடி உடம்பு தேற அதற்குச் சில மாதமாவது ஓய்வு வேண்டும், ஆண் பக்கத்தில் இருந்தால் மறுபடி முட்டை போட்டு மெலிந்துவிடும். ஆர்ட்டீமியா முட்டையையும் இன்றே வாங்கி, குஞ்சு வெளியே வருவதற்குள் ஒரு பாட்டில் பொரித்துப் பழகிக்கொள்ளுங்கள். முதல் பாட்டில் பெரும்பாலும் சரியாக வராது, திருத்திக்கொள்ள உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கிறது.